ஐந்தாவது நட்டு

வியாழன் மாலை லியாண்டர் வருகிறான்.
ஆல்பர்டாவின் எண்ணெய் மணலில் இருபத்தோரு நாள்,
இங்கே ஏழு நாள்.
காண்டர் விமான நிலையம் நூறு கிலோமீட்டர்.
கொரோலா வழியெல்லாம் டிக் டிக் டிக்கென்று
யாரையோ புறம் பேசிக்கொண்டே வரும்.
ஹீட்டரைப் போட்டால் உள்ளே புகை நெடி.
மேனிஃபோல்டு கேஸ்கெட் போய்விட்டது.
கேஸ்கெட் இருபத்தெட்டு டாலர்.
அதைப் பிடித்திருக்கும் ஐந்து நட்டுகளுக்குத்தான்
விலை தெரியவில்லை.

இந்தத் தீவில் உப்புக்கு இரண்டு வாய்.
மேலே கடல்காற்று,
கீழே பனி உருகச் சாலையில் கொட்டுவது.
பதினேழு குளிர்காலம் தின்ற பிறகு
நட்டு எது தண்டு எது என்று
துருவுக்கே மறந்துவிட்டது.

செவ்வாய் இரவு எண்ணெய் தெளித்தேன்.
புதன் காலை மறுபடியும்.
கம்பி பிரஷ்ஷால் தேய்த்து
சுத்தியலால் தலையில் மெல்லத் தட்டினேன்,
தூங்குகிறவனை எழுப்புகிற மாதிரி.

முதலாவது
ஒரு கெட்ட வார்த்தைகூடக் கேட்காமல் வந்தது.
இரண்டாவதைக் கொஞ்சம் இறுக்கினேன்.
கழற்ற வந்தவள் இறுக்குகிறாளே என்று
அது அசந்த நேரத்தில் இடப்பக்கம் திருப்பினேன்.

மூன்றாவதுக்குக் கை போதவில்லை.
கொட்டகையில் உடைந்து கிடந்த ஹாக்கி வலையில்
ஒரு குழாயை அறுத்து
ஸ்பேனர் கைப்பிடியில் செருகினேன்.
என் கைக்கு இரண்டு முழம் கூடியது.
க்ரீச்!
அந்தச் சத்தம் கேட்டால் பயமில்லை,
அது துரு முறிகிற சத்தம்.
சத்தமே இல்லாமல் மெத்தென்று திரும்பினால்தான் கெட்டது.
அப்போது அறுவது இரும்பு.

நாலாவதைச் சூடு காட்டினேன்.
மின்சாரம் போகும் இரவுகளுக்கு வைத்திருந்த
மெழுகுவர்த்தியை அதன் கழுத்தில் தொட்டதும்
மெழுகு உருகி மரைக்குள் ஓடியது.
பொறுத்திருக்கும்போது போன் அடித்தது.

"யூனா, கடைக்குக் கொண்டுபோயேன்.
தண்டு முறிந்தால் துளைபோட வேண்டிவரும்."
"கடையெல்லாம் நீ இருக்கிற ஊரில்தானே."
"அதனால்தான் சொல்கிறேன், இங்கே வந்துவிடு."
"நீ இங்கே வந்துவிடு."
ஆறு வருஷமாக இதே பேச்சு.
விடாக்கண்டன் அவன், கொடாக்கண்டி நான்.
மரை கழன்றால் கிறுக்கு என்கிறார்கள்.
கழலவே கழலாததற்கு
ஒரு பெயரும் வைக்கவில்லை.

போனை வைத்தேன். நாலாவது வந்தது.

ஐந்தாவது பின்னால், தீச்சுவருக்குப் பக்கத்தில்.
கண்ணுக்குத் தெரியாது.
ஃபெண்டரில் வயிறு பதிய, கன்னத்தில் கிரீஸ் அப்ப,
விரலாலேயே தேடி சாக்கெட்டை மாட்டினேன்.
இழுத்தேன்.
மெத்தென்று திரும்பியது.

நிறுத்தினேன்.
வெளியே யாரோ பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தார்கள்.
அறுந்துவிட்டதா?
கொஞ்சம் உள்ளே, கொஞ்சம் வெளியே,
மூச்சை அடக்கி இன்னும் கொஞ்சம் வெளியே.
எவ்வளவு நேரமோ.
கடைசியில் என்னவோ உள்ளங்கையில் விழுந்தது.

விளக்கடியில் பார்த்தேன்.
நட்டு ஒரு மரைகூட நகரவில்லை.
தண்டுதான்
நட்டைப் பிடித்த பிடி விடாமல்
எஞ்சினைவிட்டு முழுசாக வந்திருந்தது.
வெளியே இருந்த பாதி செங்கல் நிறத் துரு.
உள்ளே இருந்த முனையில்
மரை புத்தம் புதுசாய்ப் பளபளத்தது.

புதுத் தண்டு நாலு டாலர்.

வியாழன் மாலை
பெட்டியைப் பின்னால் போட்டு ஏறி உட்கார்ந்தான்.
கார் கிளம்பியது.
டிக் டிக் இல்லை. அவன் காது கொடுத்துக் கேட்டான்.
இருவரில் யாராவது ஒருவர்
ஏதாவது பேசியாக வேண்டியிருந்தது.
"அஞ்சும் கழன்றதா?"
"நாலு."
கோட்டுப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன்.
ஒன்றும் சொல்லவில்லை.
கையுறையைக் கழற்றிவிட்டு
காண்டர் பே பாலம் தாண்டும் வரை
வெறும் விரலால்
திருகிப் பார்த்துக்கொண்டே வந்தான்.