அடமோர் தாமதித்த வியாழன்

தம்பாக்கி மீனின் விலாவில் இறங்கிய கத்தி
அப்படியே என் இடது சுண்டுவிரலிலும் இறங்கியது,
போன வருடம்.
நரம்பு போய்விட்டது என்றார் மருத்துவர்.
தையல் பிரித்த அன்று
அடகுக் கடைக்குப் போய்
ஆறு நரம்புள்ளதாக ஒன்றை வாங்கி வந்தேன்.

பெலேம் துறையில் மீன் வெட்டுகிறவளுக்கு
விடிகாலை மூன்று மணிக்கு வேலை,
பிற்பகல் மூன்று மணிக்கு மழை.
மழைக்கும் தூக்கத்துக்கும் நடுவே ஒரு மணி நேரம் என்னுடையது.
எலுமிச்சை தேய்த்துக் கை கழுவுவேன்.
தந்தி கிழித்த இடமெல்லாம் எரியும்.
கழுவாத நாளில் பூனைகள் வந்து உட்கார்ந்து
கடைசிவரை கேட்கும்.

மேஜர் என்றால் மூன்று சுரம், ஒரு சிரிப்பு,
அவ்வளவுதான் என்றிருந்தேன்.
ஒளிநகல் தாள் வேறு சொன்னது.
முதலில் ஏழைச் சேர்த்துக்கொள்.
ஒன்பது வேறு யாருமில்லை,
மாடிப்படி ஏறிப்போன இரண்டு.
பதின்மூன்றும் அப்படித்தான், ஆறு.
பதினொன்றின் பக்கம் போகாதே,
மூன்றுக்கும் அதற்கும் ஆகாது.
ஐந்தை விட்டுவிடலாம்.
யாரும் தேட மாட்டார்கள்.

சி மேஜர் நைன்.
ஐந்தாம் தந்தியில் மூன்றாம் கட்டம்,
நான்காவதில் இரண்டு, மூன்றாவதில் நான்கு,
இரண்டாவதில் மறுபடி மூன்று.
நான்கு விரல் வேலை.
என்னிடம் இருப்பது மூன்றே முக்கால்.
பதினோரு வாரம் அந்த முக்காலோடு மல்லுக்கட்டினேன்.

"அப்படியென்றால் சி-யை விடு" என்றான் அடமோர்.
மராஜோ தீவுப் படகில் டிக்கெட் கிழிப்பவன்,
வியாழக்கிழமைகளில் பேஸ் கிட்டார்.
"அடியில் கிடப்பது என் பிழைப்பு.
அதையும் நீயே ஏன் சுமக்கிறாய், நசில்டா?"

விட்டேன்.
ஆள்காட்டி நான்காம் தந்திக்கு, மோதிரவிரல் மூன்றாவதற்கு,
நடுவிரல் கடைசி இரண்டின்மேலும் குறுக்கே படுத்துக்கொண்டது.
சுண்டுவிரல்
வேலையில்லாத மைத்துனன் மாதிரி ஓரமாக நின்றது.

அந்த வியாழன் ஆறு வற்றிய நேரம்,
படகு மணல்திட்டில் உட்கார்ந்துவிட்டது.
பழைய நகரத்து மதுக்கடையில் எட்டுப் பேர்.
பகலில் கணக்கு வாத்தியாரான கிளியோனிசி
பிரஷ்ஷால் டிரம்மைத் தடவ, தொடங்கினேன்.
மேஜர்தான், சத்தியமாக மேஜர்தான் வாசித்தேன்.
மூலை மேஜையில் ஒருத்தி
முட்கரண்டியைத் தட்டில் வைத்துவிட்டாள்.
கவுன்ட்டரில் இருந்தவர் என் பக்கம் குனிந்து
தாழ்ந்த குரலில் கேட்டார்:
யார் செத்தது?

சி இல்லாத ஈ, ஜி, பி, டி
தங்களுக்குள் ஒரு மைனர் குடித்தனம் போட்டு
விளக்கையும் அணைத்துவிட்டிருந்தன.
தாளில் இது இல்லை.
இருந்திருந்தால் நான் படித்திருப்பேன்.

மூன்றாவது சுற்றில் வந்தான்,
முழங்கால்வரை சேறு, செருப்பு கையில்.
ஒயரைச் செருகினான்.
ஒரு சி.
தடித்த, சோம்பலான, ஒரே ஒரு சி.

என் விரல்கள் நகரவில்லை.
அதே மூன்று, அதே கட்டங்கள்.
முட்கரண்டி மீனில் திரும்ப இறங்கியது.
செத்தது யார் என்று கேட்டவரின் கால்
தாளம் போடத் தொடங்கியது, கொஞ்சம் பிந்தி.

"மணல்" என்றான் அடமோர். வேறெதுவும் சொல்லவில்லை.

இப்போது வீட்டில், மழை விட்டபின்,
அந்த மூன்று விரலை வைத்துச்
சில நாள் அடியில்லாமலே மீட்டுகிறேன், வேண்டுமென்றே.
சில நாள் சி-யை நானே முனகிப் பார்ப்பேன்.
என் தொண்டை அத்தனை ஆழமில்லை.
குளிர்பெட்டி மோட்டார்
பி-க்கும் சி-க்கும் நடுவே எங்கேயோ உறுமுகிறது.
பூனை எழுந்து போய்விட்டது.
இன்று கையைக் கழுவியிருக்கிறேன்.