அறுபத்தொன்றாம் வரிசை

அருகருகே இரண்டு பத்தியாக வந்தது தாள்:
இடப்பக்கம் செல்லூர் விசைத்தறி,
வலப்பக்கம் அவனியாபுரம் தையல்,
பந்தியில் எதிரெதிரே உட்கார்ந்தவர்கள் போல.
எழுப்பி, ஒருவர் கீழ் ஒருவராக நிறுத்தினேன்.
ஆளுக்கொரு வரிசை. பக்கத்தில்
குழு: தறி ஒன்று, தையல் சுழியம்.
வயது. பிறகு காது கேட்கும் அளவு, டெசிபெலில்.

"சித்திரைத் திருவிழா வந்தா அம்பது" என்று
எழுத்தில் கிடந்த வயதையெல்லாம்
எண்ணாக்கவே ஒரு ராத்திரி.

வயதைச் சமன்செய்து சொல் என்றார்கள்.
சராசரி நாற்பத்து மூன்று புள்ளி ஆறு.
அந்த வயதில் தாளில் யாருமே இல்லை.
இருந்தும் எல்லோரையும் கூட்டிப்போய்
அங்கேதான் நிற்க வைக்கிறது கணக்கு.

கோடுகள் இணையாகப் போயிருந்தால்
ஒரே எண்ணில் முடித்திருப்பேன்.
ஜங்ஷன் தாண்டிப் போடி லைன் விலகுவது மாதிரி
இருபதில் ஒட்டிக் கிடந்தவை
ஐம்பதில் எங்கோ நிற்கின்றன.
வித்தியாசம் எவ்வளவு என்று கேட்டால்
எந்த வயதில் என்று திருப்பிக் கேட்கணும்.

மிச்சம் பவளக்கொடி.
தறியில் ஆறு வருடம், தையலில் ஆறு.
குழுவுக்கு ஒரே கட்டம்.
ஃபோன் போட்டேன்: "அக்கா, தறியா தையலா?"
"தலைவலியா? அதெல்லாம் இல்லப்பா."
இன்னும் சத்தமாகக் கேட்டேன்.
"சாப்பிட்டேன். நீ சாப்பிட்டியா?"

விரல் ஒன்றாம் எண் பொத்தானில் போய் நின்றது.
காதை வைத்துக் குழுவை நிரப்பக் கூடாது;
விளைவைப் பார்த்துக் காரணத்தை எழுதுவது திருட்டு.
கட்டத்தை வெறுமையாக விட்டேன்.
மாடல் ஓடியது,
ஓர் ஆள் விடுபட்டதாக
ஒரு வரி சொல்லிவிட்டு.