மூன்று-பி

ஏற்காட்டிலிருந்து இறங்கும்போது
இருபதாம் கொண்டை ஊசி முதலில் வரும்,
ஒன்று கடைசியில்.
ஐஸ் பெட்டியைக் காலிடுக்கில் வைத்துக்கொண்டு
தலைகீழாக எண்ணியபடி வந்தேன்.
உள்ளே முப்பத்தொரு பை,
நாகலூர்ப் பள்ளிக்கூடத்தில் எடுத்தவை.
காப்பி எஸ்டேட் ஆட்கள், ஒரு போஸ்ட்மேன்,
மிளகு வாங்க வந்து மாட்டிக்கொண்ட
செவ்வாய்ப்பேட்டை வியாபாரிகள் இருவர்.
பூர்வீகம் என்ற கட்டத்தில் பாதிப் பேர்
"இங்கதான்" என்று எழுதியிருந்தார்கள்.

சிவப்பணுவின் வகை எல்லாருக்கும் தெரியும்.
ஓ பாசிட்டிவ் என்று பைக்கில்கூட ஒட்டிக்கொள்கிறார்கள்.
வெள்ளணுவுக்கும் வகை உண்டு என்றால்
"அப்படிங்களா மேடம்" என்று
பிஸ்கட் பொட்டலத்தைப் பிரிப்பார்கள்.

மரபணுவில் ஓரிடம்.
அங்கே ஜி இருந்தால் மூன்று-ஏ.
ஏ இருந்தால் மூன்று-பி.
பெயர் வைத்தவருக்கு எங்கள் மேல் என்ன கோபமோ.

சேலத்தில் கரண்ட் இல்லை. ஜெனரேட்டர் உறுமலில்
ஜெல்லின் பட்டைகள் ஒவ்வொன்றாக ஒளிர்ந்தன.
பத்தொன்பதாம் பை: தனக்கொடி, நாற்பத்தொன்று.
அம்மா தந்தது பி, அப்பா தந்ததும் பி.
பிளாஸ்மாவிலோ
ஏ-வை எதிர்க்கும் பொருள், கெட்டியாக.

தன்னிடம் இல்லாத ஒன்றை
உடம்பு சும்மா எதிர்க்கக் கற்பதில்லை.
யாரோ உள்ளே வந்து போயிருக்க வேண்டும்:
ஏற்றிய ரத்தம், அல்லது
வயிற்றில் ஒரு பிள்ளை.
படிவத்தில், ரத்தம் ஏற்றியது: இல்லை.
கர்ப்பம்: இல்லை.
இரண்டாவது "இல்லை"யின் மேல்
பேனா இருமுறை போயிருந்தது.

இந்தப் பிளாஸ்மா ஏ உள்ளவருக்குப் போனால்
ஆறு மணி நேரத்துக்குள்
நுரையீரலில் நீர் கோக்கலாம்.
போன் போட்டே ஆக வேண்டும்.

"எனக்கு ஏதும் சீக்குங்களா?"
இல்லை.
"அப்புறம் ஏனுங்க வேண்டாங்கறீங்க?"
எப்போதாவது ரத்தம் ஏற்றினார்களா?
"இல்லீங்க."
அந்தப் பக்கம் காப்பிப் பழத் தோலுரிக்கும் மிஷின்.
யாரோ அதை நிறுத்தினார்கள்.
அடுத்த கேள்வியை நான் கேட்கவில்லை.
விதிப்படி கேட்டிருக்க வேண்டும்.

"பதினெட்டு வருசம் ஆச்சுங்க.
நாலு மாசந்தான் இருந்துச்சு.
எங்கூட்ல யாருக்கும் தெரியாது.
ரத்தத்துக்கு இன்னுமா ஞாபகம்?"

என்ன சொல்வது.
சிவப்பணுவைக் கழுவிக் கொடுத்துவிடலாம் என்றேன்.
பிளாஸ்மாவைக் கொட்டவும் வேண்டாம்,
உங்களுக்குச் சம்மதம் என்றால்.
இனி வருகிறவர்களில் ஏ யாரென்று
இதை வைத்துத்தான் பார்ப்போம்.
"அதுக்கு ஆகுங்களா?"
ஏ-வை இவ்வளவு நன்றாகத் தெரிந்தது
எங்கள் லேபில் வேறில்லை.

மிஷின் மறுபடி ஓடத் தொடங்கியது.
"வெச்சுக்கங்க. பேரு மட்டும் போடாதீங்க."

மைனஸ் எண்பதில் ஒரு குப்பி.
தேதி, எண்.
கர்ப்பம் என்ற கட்டத்தை
இன்னும் திருத்தவில்லை.