கழற்றவும்

கண்ணாடிக் கதவில் மூன்று படம்:
ஹெல்மெட், தொப்பி, கறுப்புக் கண்ணாடி.
மூன்றின் மேலும் சிவப்புக் கோடு.
பக்கத்தில் நான், தொப்பியோடு.

ஏஜென்சி கொடுத்தது. வியர்வையில் அட்டை நைந்து
இடது பக்கம் சாய்கிறது.
இல்லாமல் நின்றால் ஐம்பது ரூபாய் பிடிப்பார்கள்.
மத்தியானம் சாப்பிடக் கழற்றினால்
நெற்றியைச் சுற்றி ஒரு வரி,
தேங்காயெண்ணெய்க்கும் போகாது.

பதினேழு வருஷம் பட்டாளத்தில் படித்தது வேறு:
கூரைக்குள் நுழைந்தால் தொப்பி கக்கத்துக்குப் போகும்,
வெறுந்தலைக்கு சல்யூட் கிடையாது.
இங்கே கூரைக்குள்தான் எட்டு மணி நேரமும்,
தொப்பிக்குள்ளும்.

ரோட்டுக்கு அந்தப் பக்கம் கோட்டை அகழி.
புதுத் தொப்பி மாட்டச் சொன்னதற்கு
ராத்திரியோடு ராத்திரியாகத் துப்பாக்கி எடுத்த ஊர்.
அதே ஊரில், கழற்றச் சொல்வதற்கு
மாசம் பதினோராயிரம் எனக்கு.

சொல்வதிலும் தராதரம் உண்டு.
காலேஜ் பையன் என்றால், "கழட்டுபா."
வக்கீல் என்றால் படத்தைப் பார்த்து இருமுவேன்.
மேல்விஷாரம் இம்தியாஸ் பாயின் வெள்ளைக் குல்லாவை
வந்த புதுசில் ஒருநாள் கேட்டுத் தொலைத்தேன்.
அவர் சிரித்தார். கேஷியர் ஹேமாவதி சிரிக்கவில்லை.
"துளுக்காணம், அது வேற."
வேறதான். முகம் முழுசாகத் தெரிகிறதே,
கேமராவுக்கு அதுதானே வேணும்?

நேற்று, அக்னி வெயிலில்,
புருவம்வரை கம்பளிக் குல்லா இறக்கிய ஒருவர்.
பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்த வங்காளி, கையில் பச்சை ஃபைல்.
ஜம்முவில் கற்ற இந்தியில் சத்தமாகவே சொன்னேன்.
கழற்றினார்.
ஒரு காதிலிருந்து மறு காதுவரை தையல்,
கறுப்பு நூல், எண்ணிவிடலாம்.
டோக்கன் கூப்பிடும் மெஷினே
ஒரு நம்பரை முழுங்கிய மாதிரி இருந்தது.
போட்டுக்கொள்ளுங்கள் என்றேன்,
அதுவும் இந்திதான், இந்தத் தடவை மெதுவாக.
அவர் மாட்டவில்லை. கேமராவைக் காட்டினார்.
ரூல் ரூல்தானே என்று ஆட்டினார்,
அந்தத் தலையை.

ஏ.சி. காற்று நேராக அங்கேதான் இறங்கிக்கொண்டிருந்தது.
ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி
தகட்டைச் சுவர்ப்பக்கம் திருப்பினேன்.
ஏறும்போது விழுந்த என் தொப்பி
செலான் பெட்டிக்குள் போனது.
எடுக்கத் தோன்றவில்லை.

எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த அணைக்கட்டுக்காரர்,
கடலைக் கடனுக்கு வட்டி கட்ட வந்தவர்,
முண்டாசை அவிழ்த்துக் கக்கத்தில் சொருகினார்.
"உங்களச் சொல்லலியே. அந்தப் படத்துல
துண்டு எங்க கீது?"
"தெரியும்பா. மேனேஜர் ரூமாண்ட வந்தா
கை அதுவா அவுத்துடுது."
கட்டுங்க என்றேன்.
கட்டுய்யா என்று அதட்டியும் பார்த்தேன்.
கக்கம் இன்னும் இறுகியது.

அப்போதுதான் அவன் நுழைந்தான்,
சத்துவாச்சாரிப் பக்கம் சாப்பாடு டெலிவரி செய்கிற பையன்.
முழு ஹெல்மெட், உள்ளே காதில் ஏதோ பாட்டு.
கூப்பிட்டால் கேட்காது.
கையை நெற்றிக்கு நேராகத் தூக்கி
கழற்று என்று ஜாடை காட்டினேன்.
சல்யூட் என்று நினைத்துவிட்டான்.
நின்றான். குதிகால் சேர்த்தான்.
விறைப்பாக ஒன்று திருப்பி அடித்தான்.

என்னுடையது செலான் பெட்டியில் கிடந்தது.
அவன் தலையில்தான் கவசம்.
ஆகவே, எங்கள் ரெஜிமெண்ட் வழக்கப்படி,
அவன் அடித்தது செல்லும்.