வெற்றி நாலு, தோல்வி ஆறு, மான் ஒன்று

ஐஸ் கம்பெனிக் கடன் கொப்பியைத்
தலைகீழாகத் திருப்பினால்
எங்கள் எல்லே அணியின் ஆண்டு.
முன்பக்கம் வள்ளங்களின் பெயர், ஐஸ்கட்டிக் கணக்கு.
பின்பக்கம் பதினாறு பேர்,
காசாளர் நான் அடிமட்டம் வைத்துக் கீறிய கட்டங்களுக்குள்.

மாசியில் முதலாளி அணியை வாங்கினார்.
வாங்கினார் என்றால்
நீலப் பெனியன், மூன்று மூங்கில் தடி,
வென்றால் ஆளுக்கு எழுநூறு ரூபாய்,
தோற்றால் நானூறு.
"இனி நீங்கள் சம்பளத்து ஆட்டக்காரர்" என்றார்.
ரூபதாசன் அன்று இரவும் கடலுக்குப் போனான்.

முதல் நாலும் தோல்வி.
உப்புவெளிக்காரர் பந்தை எறிவதில்லை, குறிவைப்பார்கள்.
ஓடுகிறவன் முதுகில் டென்னிஸ் பந்து படுவது
ஈரச் சாக்கை மதிலில் அடித்ததுபோல் கேட்கும்.
கேட்டால் நான் நிமிர்வதில்லை,
பெயருக்கு நேரே ஒரு புள்ளடி.
ஜெயசீலனுக்கு ஒரே மாதத்தில் ஏழு.
பெனியனைக் கழற்றிக் காட்டினான்:
முதுகில் என் கொப்பி.

வைகாசியில் கச்சான் காற்று எழும்பிற்று.
வாய்க்குள் மண். கொப்பிக்குள் மண்.
அடித்த பந்தெல்லாம் ஏறி ஏறிக்
கடல் பக்கம் போனது.
காற்றையும் பெனியன் போட்டு இறக்குவோம் என்றான் ரூபதாசன்.
மூன்று வெற்றி, அடுத்தடுத்து.
சந்தையில் எங்களுக்கு மீன் விலை குறையவில்லை,
ஆனால் "ஆர் அடிச்சது?" என்று கேட்டுவிட்டுத்தான்
வெட்டத் தொடங்கினார்கள்.

பிறகு அந்த ஆடி ஞாயிறு.
கிண்ணியா அணி பாலம் கடந்து வந்தது, இரண்டு பஸ் நிறைய.
கடைசி ஆள், கடைசிப் பந்து, ஒரு ஓட்டம் தேவை.
நிஹ்மத்துல்லா அடித்தான்.
பந்து தாழப் பறந்து
எல்லைக்கோட்டில் படுத்துக்கிடந்த மான்களுக்குள் விழுந்தது.
முதலாம் நிலை.
இரண்டாம் நிலை.
பொறுக்கப் போன பெடியனைக்
கொம்பன் ஒன்று எழுந்து நின்று பார்த்தது.
பந்து அதன் கால்களுக்கு நடுவில்.
மூன்றாம் நிலையில் நிஹ்மத் நின்றுவிட்டான்.
"ஓடுடா!" சனம் முழுக்கக் கத்தியது. நானும்தான்.
"அவன் முதல்ல எடுக்கட்டும்," என்றான்,
"மான்ட கையில பந்து இரிக்கக்க என்னெண்டு ஓடுற?"

நடுவர் சட்டப் புத்தகத்தைப் புரட்டினார்.
மழை இருந்தது. நாய் இருந்தது.
மைதானத்துக்குள் இறங்கிய பார்வையாளர் இருந்தார்கள்.
மான் இல்லை.
கச்சான் விற்கிற பெண் பாண்துண்டைக் காட்டிக் கூப்பிட்டாள்.
அது பந்தை மோந்தது,
அசையவில்லை.
பொழுதுபட்டதும் முடிவில்லை என்று எழுதச் சொன்னார்கள்.
அப்படி ஒரு கட்டம் நான் கீறியிருக்கவில்லை.
மான் என்று எழுதினேன்.

முதலாளிக்குத்தான் சிக்கல்.
வென்ற காசா, தோற்ற காசா?
கல்குலேட்டரைத் தட்டி
ஐந்நூற்றைம்பது என்றார்.
வாழ்நாளில் ஒரு மிருகத்துக்காக
அவர் பிரித்த ஒரே கணக்கு.

அதன்பிறகு ஒரு வெற்றி, இரண்டு தோல்வி.
தொலைந்த பந்து பதினேழு,
அதில் கடலுக்குப் போனது பன்னிரண்டு.
செலவைச் சம்பளத்தில் கழித்தோம்.

ஐப்பசியில் வாடை.
வள்ளங்கள் கரையேறின, ஐஸ் வாங்க ஆளில்லை.
அணியை விற்கப் பார்த்தார், அதற்கும் ஆளில்லை.
பெனியன்களைத் திருப்பித் தரச் சொன்னார்.
பதினைந்து வந்தது, தோய்த்து மடித்து.
ஒன்பதாம் இலக்கத்தைக் காணவில்லை.

காலையில் ஜமாலியாப் பக்கம் போனபோது கண்டேன்.
நிஹ்மத்தின் சின்ன மகள்
முழங்கால் தாண்டித் தொங்கும் ஒன்பதோடு
தண்ணீர்க் குழாயடியில் வரிசையில் நின்றாள்.
வாளியை வைத்துவிட்டு
முன்னால் நின்றவளைத் தொட்டு ஓடினாள்,
இரண்டு கல் தாண்டி, மூன்றாவதில் நின்றாள்.

பதினாறும் வந்து சேர்ந்தது
என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன்.
கொப்பியைத் திருப்பிப் பிடித்து
முதலாளியிடம் முன்பக்கத்தைக் கொடுத்தேன்.