பதினான்காம் உறை

நாளுக்கு இருபத்திரண்டு மணி நேரம் என்றார் டாக்டர்,
மாதம் ஒருமுறை சின்ன விமானத்தில் வருகிறவர்.
ஃபியோர்டில் காற்று அடித்தால் அதுவும் இல்லை.
மிச்சம் இரண்டு மணிக்குள்
தின்பது, குடிப்பது, துலக்குவது எல்லாம் அடங்க வேண்டும்.
மீன் ஆலையில் எனக்கு ஒரு ஷிப்ட்.
ஐம்பத்தொரு வயதில்
வாய்க்கும் ஒன்று போட்டுவிட்டார்கள்.

இந்த வயதில் எதற்கு, என்றாள் தங்கை யாத்விகா.
எல்லாப் போட்டோவிலும்
என் கை வாய்மேல்தான் இருக்கிறது.
கைக்குக் கொஞ்சம் ஓய்வு கொடுக்கலாமே என்றேன்.

மொத்தம் இருபத்தாறு உறைகள். ஒவ்வொன்றும் பத்து நாள்.
புதிதை மாட்டிய இரவில்
நெரிசல் டிராமில் நிற்பவர்கள் மாதிரி
கொஞ்சம் தள்ளுங்க, கொஞ்சம் தள்ளுங்க என்கின்றன பற்கள்.
யாரும் இறங்குவதில்லை.

ஆறாவதை வெந்நீரில் கழுவினேன்.
உள்ளங்கையில் சுருங்கி
யாரோ ஒருத்தியின் வாயாகிவிட்டது.
அதிலிருந்து பச்சைத் தண்ணீர்தான்,
விரல் மரத்துப்போகிற தண்ணீர்.
பல் துலக்காமல் மாட்டக் கூடாது.
மாட்டிக்கொண்டு காபி குடிக்கக் கூடாது.
காபி இல்லாத மீன் ஆலையை
நீங்கள் பார்த்ததில்லை.

எங்கள் மொழி முழுக்கச் சீறல்.
பிறந்த ஊர் பெயரே ஷ்செச்சின்.
முதல் வாரம் சொந்த ஊரைச் சொல்ல வரவில்லை.
போனில் யாத்விகா கேட்டாள்:
காலையிலேயே குடித்திருக்கிறாயா, தனுதா?

அன்று மதியம் மசித்த மீனும் உருளைக்கிழங்கும்.
டப்பா வேறு கோட்டின் பையில்.
பதினான்காவதைக் காகிதக் கைக்குட்டையில் சுற்றித்
தட்டோரம் வைத்தேன்.
தட்டை நானேதான் கவிழ்த்தேன், நானேதான்.

கத்தி முன்னால் போய் நின்ற பிறகு
நாக்கு சொன்னது:
பல் அம்மணமாக இருக்கிறது.

குப்பைத் தொட்டி என் இடுப்பு உயரம்.
யார் கண்ணுக்கும் படக் கூடாதென்று
காசு கொடுத்துச் செய்த பொருள்.
இப்போது என் கண்ணுக்கும் படவில்லை.

ஸ்டெய்னுன் வந்தாள்.
விளக்கு மேசைக்காரி.
நான்கு வருடமாக எதிரெதிரே நிற்கிறோம்,
"கத்தி" என்பதைத் தவிர அவள் என்னிடம் பேசியதில்லை.
நீலக் கையுறையைச் சுண்டி மாட்டினாள்.
கசங்கிய காகிதம் ஒவ்வொன்றையும் எடுத்து
பனி வெளிச்சம் நிற்கும் ஜன்னலுக்கு நேரே பிடித்தாள்.
கோழைச் சதைக்குள் கண்ணாடிப் புழுவை
முப்பது வருடமாகத் தேடிய கண்.
கிழங்குத் தோல். தயிர்க் கோப்பை. யாரோ கடித்துவிட்ட ரொட்டி.
நான் வேண்டாம் போகட்டும் என்றேன்.
அவள் காதில் வாங்கவில்லை.

யையா, என்றாள்.
இந்த ஊரில் அந்த ஒரு சொல்லுக்கு
எல்லா அர்த்தமும் உண்டு.
அவள் விரலிடையில் பதினான்காவது,
கடைவாய்ப் பக்கம் ஒரு மயிரிழை விரிசலோடு.

அழுதிருப்பேன்.
அவள் ஜன்னல் பக்கம் திரும்பி
மேல்வரிசை முழுவதையும்
சடக்கென்று கையில் இறக்கிக் காட்டினாள்.
இருபத்திரண்டு வயதில் எல்லாம் பிடுங்கினார்கள்.
முதல் செட்டு படகில் வாந்தியோடு போய்விட்டது.
அது இன்னும் அடியில் இருந்து
இளித்துக்கொண்டிருக்கும், என்றாள்,
பொக்கை வாயால், ஒவ்வோர் எழுத்தும் காற்றாக.

சாயங்காலம் ஓநாய்மீன் வந்தது, பெட்டி பெட்டியாக.
எட்டுத் திசைக்கும் ஒரு பல்.
நண்டை ஓட்டோடு உடைக்கிற வாய்
எந்த டாக்டரையும் பார்த்ததில்லை.
ஒன்றை நிமிர்த்திப் பிடித்தேன்.
உனக்கு எத்தனை உறை ஆகும் என்றேன்.
லைன் முழுக்கச் சிரித்தது.
நானும்.
கை கத்தியிலேயே இருந்தது.

இடைவேளையில் குழாயடியில்
பிரஷால் நான்கு முறை தேய்த்து,
இரண்டு கட்டைவிரலாலும் அழுத்தினேன்.
டிக்.
விரிசல் தாங்கும், பதினைந்து வரும்வரை.

உன் ஊர் எது, ஸ்டெய்னுன் கேட்டாள்,
நான்கு வருடம் கழித்து.
சொன்னேன். எச்சில்தான் தெறித்தது.
அவளும் சொல்லிப் பார்த்தாள்.
அவளுக்கும் வரவில்லை.