யார் முந்தி

மின்விசிறியை நிறுத்திவிட்டோம்.
காற்றுப் பட்டாலே கட்டம் அரை டிகிரி நகர்கிறது.

ஒரே நீளம் என்றுதான் வெட்டினாள் சகாயராணி
இரண்டு கேபிளையும்.
பத்து கிகாஹெர்ட்ஸில்
ஒரு மில்லிமீட்டர் பொய்க்குப் பதினேழு டிகிரி.

இரண்டில் தூங்கும் கோடு
பதினெட்டில் கச்சான் மாதத்துத் தென்கடல்.
இணைப்பிகளில் உப்பு, பச்சை பூத்து.

அறுபதுக்கும் மைனஸ் அறுபதுக்கும்
ஒரே மின்னழுத்தம்.
விலகல் தெரியும் அதற்கு,
யார் முந்தி என்று தெரியாது.
இன்னொரு கிளை வேண்டும்,
எல்லா அலைவரிசைக்கும் சரியாகக் கால் சுற்றுப் பிந்தி.
ஆடி முழுக்க அதில்தான் போனது.

மண்டபத்தில் மணி மூன்று.
எங்கோ இன்ஜின் சத்தம்.
சால்டரிங்கிலிருந்து தலை நிமிராமல்
"வடகடல்ல கெளம்பிட்டாங்க" என்கிறாள்.

இரண்டு காது.
நடுவில் ஒரு சாண்கூட இல்லை.